ஒரே சர்வரில் பல ஜாங்கோ பதிப்புகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய இணையத்தளம், ஜாங்கோ என்ற பைத்தான் நூலகத்தின் 2.2 பதிப்பில் ஓடிக்கொண்டிருக்கிறது, அதில் கை வைக்க யாருக்கும் தைரியம் இல்லை. புதிதாக வந்த வேலை 5.2-இல். இரண்டுக்கும் தனித்தனி சர்வர் வாங்கித் தர அலுவலகத்தில் மனமில்லை. இந்த நிலையில் மாட்டிக்கொண்டவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. உபுண்டு அல்லது டெபியன் சர்வர், முன்னால் கோரிக்கைகளை வாங்கும் என்ஜின்எக்ஸ், பின்னால் ஜாங்கோவை ஓட்டும் குனிகார்ன், தரவுத்தளம் போஸ்ட்கிரெஸ் என்று வைத்துக்கொண்டே பதில் சொல்கிறேன். கட்டளைகளை வரிவரியாகத் தரவில்லை. அவை எந்த ஆவணத்திலும் கிடைக்கும். எது, ஏன் உடைகிறது என்பதுதான் இங்கே பேச்சு.

ஒரே சர்வரில் இரண்டு பதிப்புகள் ஓடுமா?

தாராளமாக ஓடும். ஜாங்கோ ஒரு பைத்தான் நூலகம்தான். சர்வருக்கு ஒன்று என்ற கணக்கெல்லாம் அதற்கு இல்லை. ஒவ்வொரு புராசஸும் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்) தனக்கு வேண்டிய பிரதியைத் தன் ஃபோல்டரிலிருந்து எடுத்துக்கொள்ளும். ஒரே புராசஸுக்குள் இரண்டு பதிப்புகளை ஏற்ற முடியாது, அவ்வளவுதான்.

பதிப்பு வேறுபாட்டால் வரும் சிக்கல் உண்மையில் கொஞ்சம்தான். இரண்டு தளங்களும் தங்களுக்கே தெரியாமல் எதையாவது பகிர்ந்துகொள்ளும்போதுதான் தலைவலி: குக்கி, கேஷ் (தற்காலிகச் சேமிப்பு), வேலை வரிசை, பயனர் அட்டவணை, ஸ்டாட்டிக் ஃபோல்டர் (சிஎஸ்எஸ் போன்ற கோப்புகள் இருக்கும் இடம்). கீழே வரும் பதில்களில் பாதிக்கு மேல் இதைப் பற்றியே இருக்கும்.

எந்த ஜாங்கோவுக்கு எந்தப் பைத்தான்?

நீண்டகால ஆதரவுப் பதிப்புகளை மட்டும் சொல்கிறேன். 1.11 தான் பைத்தான் 2.7-ஐ ஏற்றுக்கொண்ட கடைசிப் பதிப்பு. அதற்கான ஆதரவு 2020 ஏப்ரலில் முடிந்தது. 2.2-க்கு பைத்தான் 3.5 முதல் 3.9 வரை. 3.2-க்கு 3.6 முதல் 3.10 வரை. 4.2-க்கு 3.8 முதல் 3.12 வரை. 5.2-க்கு 3.10-இலிருந்து மேலே, அதற்கு 2028 ஏப்ரல் வரை ஆதரவு உண்டு.

இதில் ஒரு வசதி ஒளிந்திருக்கிறது. பைத்தான் 3.10-ஐ 3.2, 4.2, 5.2 மூன்றுமே ஏற்கும். உபுண்டு 22.04-இல் அதுதான் கூடவே வருகிறது. உங்கள் தளங்கள் இந்த மூன்றுக்குள் அடங்கினால் இரண்டாவது பைத்தானே தேவையில்லை.

"அதிகாரபூர்வமாக இல்லையென்றாலும் ஓடுகிறதே" என்று பழைய ஜாங்கோவைப் புதிய பைத்தானில் ஏற்றுபவர்கள் உண்டு. சில நாள் ஓடும். பைத்தான் 3.13-இல் சிஜிஐ தொகுதியை நீக்கிவிட்டார்கள், ஜாங்கோ 3.2 அதை உள்ளே அழைக்கிறது. அங்கே தளம் எழுந்திருக்கவே எழுந்திருக்காது.

நூலகங்களை நிறுவும் பிப் கட்டளை "இந்தச் சூழல் வெளியே நிர்வகிக்கப்படுகிறது" என்று மறுக்கிறது. என்ன செய்ய?

டெபியன் 12, உபுண்டு 24.04 போன்றவற்றில் சிஸ்டத்தின் பைத்தானுக்குள் பிப் மூலம் எதையும் போட விடமாட்டார்கள். அதை மீற ஒரு ஆப்ஷன் இருக்கிறது, பெயரிலேயே "சிஸ்டத்தை உடை" என்று எச்சரிக்கும். அதைத் தொடாதீர்கள். ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு வென்வ் (தனி நூலக ஃபோல்டர்) உருவாக்கி, அதற்குள் இருக்கும் பிப்பைக் கூப்பிடுங்கள். வேறு பைத்தான் பதிப்பு வேண்டுமென்றால் யூவி, பைஎன்வ், உபுண்டுவில் டெட்ஸ்நேக்ஸ் களஞ்சியம் என வழிகள் பல. இப்போது புதிதாகத் தொடங்குபவருக்கு யூவி போதும்.

சேவையாக ஓட்டும்போது வென்வை ஆக்டிவேட் செய்ய வேண்டாமா?

வேண்டாம். ஆக்டிவேட் என்பது டெர்மினலில் உட்கார்ந்து வேலை செய்யும் மனிதருக்கான வசதி. கட்டளைகளை எங்கே தேடுவது என்று சொல்லும் பாத் மாறியில் ஒரு ஃபோல்டரை முன்னால் சேர்ப்பதுதான் அதன் முக்கிய வேலை. சேவைகளை இயக்கும் சிஸ்டம்டியின் கோப்பில் அந்தத் தளத்தின் வென்வுக்குள் இருக்கும் குனிகார்னின் முழுப் பாதையையும் எழுதினால் போதும், சரியான ஜாங்கோ தானாக வந்துவிடும். நேரம் பார்த்து வேலைகளை ஓட்டும் கிரானுக்கும் இதே விதி. "கையால் ஓட்டினால் ஓடுகிறது, கிரானில் ஓடவில்லை" என்ற புலம்பலுக்குப் பெரும்பாலும் காரணம், அங்கே வெறும் "பைத்தான்" என்று எழுதியிருப்பது.

தளத்துக்கு ஒரு சேவைக் கோப்பு, ஒரு சாக்கெட் (என்ஜின்எக்ஸும் குனிகார்னும் பேசிக்கொள்ளும் கோப்பு), ஒரு லாக். பெயரிலேயே தளம் தெரியட்டும். பைத்தான் 2-இல் இன்னும் ஏதாவது உயிரோடு இருந்தால், அதன் வென்வில் குனிகார்ன் 19 வரிசைதான் இருக்க வேண்டும். 20 முதல் பைத்தான் 2 கிடையாது.

எங்களிடம் இருப்பது அப்பாச்சியும் மாட்-விஸ்கியும். அதில் முடியாதா?

முடியும், ஒரு வரம்போடு. அப்பாச்சிக்குள் பைத்தானை ஓட்டும் மாட்-விஸ்கி, எந்தப் பைத்தானோடு கம்பைல் செய்யப்பட்டதோ அதோடு கட்டுண்டது. ஒரு அப்பாச்சிக்குள் ஒரு பைத்தான்தான். அந்தப் பைத்தானுக்குள் எத்தனை வென்வ் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். டீமன் முறையில் (தளங்களை அப்பாச்சியின் சொந்தப் புராசஸுக்கு வெளியே ஓட்டுவது) ஒவ்வொரு தளத்துக்கும் தனிப் புராசஸ் குழுவும் தனி பைத்தான்-ஹோமும் (வென்வின் பாதை) கொடுத்துவிடுங்கள்.

டீமன் முறை இல்லாமல் இரண்டு தளங்களையும் ஒரே புராசஸில் போட்டால் ஒரு விசித்திரம் நடக்கும்: முதலில் எழுந்த தளத்தின் செட்டிங்ஸையே இரண்டாவதும் எடுத்துக்கொள்ளும். ஜாங்கோ உருவாக்கித் தரும் விஸ்கி கோப்பு (சர்வர் தளத்தைத் தொடங்கும் இடம்), செட்டிங்ஸ் பெயரை "ஏற்கெனவே இல்லையென்றால் வை" என்ற முறையில்தான் சூழல் மாறியில் எழுதுகிறது. முதல் தளம் ஏற்கெனவே எழுதியிருக்குமே! மீண்டும் தொடங்கும் ஒவ்வொரு முறையும் எந்தத் தளம் முந்துகிறது என்பது மாறலாம் என்பதால் பிழையைப் பிடிப்பதும் கஷ்டம். என் யோசனை, குனிகார்னுக்கு மாறி அப்பாச்சியை வெறும் ப்ராக்ஸியாக வைத்துக்கொள்வது.

எல்லாம் சரியாக இருக்கிறது, ஆனாலும் 502 வருகிறதே?

502 என்றால் என்ஜின்எக்ஸால் குனிகார்னிடமிருந்து ஒழுங்கான பதிலைப் பெற முடியவில்லை. என்ஜின்எக்ஸின் பிழை லாக்கைப் பாருங்கள். "அனுமதி மறுக்கப்பட்டது" என்று இருந்தால், உங்கள் சாக்கெட் ஹோம் ஃபோல்டருக்குள் இருக்கிறதா என்று கவனியுங்கள். உபுண்டு 21.04 முதல் ஹோம் ஃபோல்டர்கள் 750 அனுமதியோடு உருவாகின்றன; என்ஜின்எக்ஸ் பயனரால் உள்ளே எட்டிப் பார்க்க முடியாது. பழைய சர்வரில் ஓடிய அமைப்பை அப்படியே நகலெடுத்துப் புதியதில் வைத்தவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். சாக்கெட்டைச் சிஸ்டத்தின் ரன் ஃபோல்டருக்கு (/run) மாற்றிவிடுங்கள்.

ஒரு தளத்தில் நுழைந்தால் இன்னொன்றிலிருந்து வெளியேறிவிடுகிறேன். ஏன்?

குக்கி. ஜாங்கோவின் எல்லாப் பதிப்புகளும், உள்நுழைந்தவரை நினைவில் வைக்கும் செஷன் குக்கிக்கு இயல்பாக ஒரே பெயரைத்தான் வைக்கின்றன. போலிப் படிவங்களைத் தடுக்கும் சிஎஸ்ஆர்எஃப் குக்கிக்கும் அப்படியே. ஒரே டொமைனில் ஒரு தளம் வேர்ப் பாதையிலும் மற்றொன்று "பழையது" போன்ற துணைப் பாதையிலும் இருந்தால், உலாவி ஒருவரின் குக்கியை மற்றவருக்கும் அனுப்பும். இரண்டாவது தளம் அந்தச் செஷன் எண்ணைத் தன்னிடம் தேடும், கிடைக்காது. "செல்லாத செஷன்" என்று முடிவு செய்து குக்கியையே அழித்துவிடும். நீங்கள் அங்கே உள்நுழையக்கூட வேண்டாம், ஒரு பக்கத்தைத் திறந்தாலே போதும்.

வேறு போர்ட்டில் வைத்தால் தப்பிக்கலாம் என்று நினைக்காதீர்கள். குக்கிகளுக்குப் போர்ட் எண் ஒரு பொருட்டே இல்லை. 8000-உம் 8001-உம் அவற்றுக்கு ஒரே இடம்தான். சோதனைச் சர்வர்களில் பலர் குழம்புவது இங்கேதான்.

தனித்தனி துணை டொமைன் கொடுப்பது சுத்தமான தீர்வு. அது முடியாதென்றால் செஷன் குக்கி, சிஎஸ்ஆர்எஃப் குக்கி இரண்டின் பெயரையும் தளத்துக்குத் தளம் மாற்றுங்கள். துணை டொமைன் கொடுத்த பிறகும் சிக்கல் தொடர்ந்தால், யாரோ செஷன் குக்கியின் டொமைனைத் தாய் டொமைனுக்கு அமைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

இரண்டு பதிப்புகளும் ஒரே பயனர் அட்டவணையைப் பயன்படுத்தலாமா?

தொழில்நுட்ப ரீதியில் முடியும். செய்யாதீர்கள் என்பதே என் பதில். காரணங்களைச் சொல்கிறேன், ஏனென்றால் இதைச் செய்பவர்கள் காரணம் தெரியாமல்தான் வாரக்கணக்கில் அலைகிறார்கள்.

கடவுச்சொல்லை ஜாங்கோ பிபிகேடிஎஃப்2 என்ற மறைப்பு முறையில் பல லட்சம் சுற்றுகள் சுற்றிச் சேமிக்கிறது. அந்தச் சுற்று எண்ணிக்கையும் அதே புலத்தில் எழுதப்பட்டிருக்கும். பதிப்புக்குப் பதிப்பு இது ஏறும்: 2.2-இல் 1,50,000; 3.2-இல் 2,60,000, 4.2-இல் 6,00,000, 5.2-இல் 10,00,000. பயனர் உள்நுழையும்போது சேமித்த எண்ணும் தன் எண்ணும் வேறாக இருந்தால், ஜாங்கோ சத்தமில்லாமல் கடவுச்சொல்லைத் தன் கணக்கில் மறுபடி சுற்றிச் சேமிக்கிறது. கவனியுங்கள்: "குறைவாக இருந்தால்" என்று அது பார்ப்பதில்லை, "வேறாக இருந்தால்" என்றே பார்க்கிறது. ஆகவே 5.2-இல் நுழைந்தால் எண் பத்து லட்சம் ஆகும். அதே ஆள் 4.2-இல் நுழைந்தால் ஆறு லட்சத்துக்கு இறங்கும். இப்படி ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும்.

இதோடு போனால்கூடப் பரவாயில்லை. ஒவ்வொரு செஷனிலும் அந்தக் கடவுச்சொல் புலத்திலிருந்து பெறப்பட்ட ஒரு முத்திரை இருக்கிறது. கடவுச்சொல்லை மாற்றினால் மற்ற இடங்களில் தானாக வெளியேற்றப்படுவது அதனால்தான். இங்கே பயனர் எதையும் மாற்றவில்லை, ஆனால் புலம் மாறிவிட்டது. விளைவு, அடுத்த கோரிக்கையிலேயே மற்ற தளம் அவரை வெளியே தள்ளும். பார்க்கக் குக்கிப் பிரச்சினை போலவே இருக்கும். டொமைன்கள் வேறு வேறாக இருந்தாலும் நடக்கும்.

பகிர்ந்துதான் ஆக வேண்டுமென்றால், இயல்பான ஹாஷரிலிருந்து (கடவுச்சொல்லைச் சுற்றும் கிளாஸ்) ஒரு துணை கிளாஸ் எழுதி, சுற்று எண்ணிக்கையை இரண்டு தளங்களிலும் ஒன்றாக நிறுத்துங்கள். பெரிய எண்ணையே எடுங்கள். மைக்ரேஷனை (அட்டவணை அமைப்பை மாற்றும் படி) புதிய பதிப்பு மட்டும் ஓட்டட்டும். அப்புறமும் சில்லறைத் தொல்லைகள் மிச்சமிருக்கும். முதற்பெயர் புலம் 3.1-இல்தான் 30 எழுத்திலிருந்து 150-க்கு நீண்டது. புதிய தளத்தில் நீளமாகப் பெயர் கொடுத்தவரை 2.2-இன் அட்மினில் (ஜாங்கோவின் நிர்வாகப் பக்கம்) திறந்து சேமிக்கவே முடியாது. செஷன் அட்டவணையைப் பகிரும் யோசனை இருந்தால் அதையும் விடுங்கள்: 3.1-இல் செஷன் எழுதும் வடிவமே மாறியது, 4.0 முதல் பழைய வடிவத்தைப் படிப்பதும் நின்றுபோனது. ஒரே உள்நுழைவுதான் நோக்கமென்றால், ஒரு தளத்தை ஓஆத் (உள்நுழைவை இன்னொரு தளத்திடம் கேட்கும் முறை) வழங்குநராக்கி மற்றது அதைக் கேட்கும்படி செய்வது எவ்வளவோ மேல்.

அட்மின் பக்கம் மட்டும் கோணல்மாணலாக இருக்கிறது.

இரண்டு தளங்களும் ஒரே ஸ்டாட்டிக் ஃபோல்டரில் கலெக்ட்ஸ்டாட்டிக் செய்து கோப்புகளைத் திரட்டுகின்றன. கடைசியாக ஓட்டியவரின் அட்மின் சிஎஸ்எஸ் மற்றவருடையதை அழித்து எழுதிவிட்டது. தளத்துக்கொரு ஃபோல்டர்.

ரெடிஸ், செலரியைப் பகிரலாமா?

கேஷாகவும் வேலை வரிசையாகவும் பயன்படும் ரெடிஸ் ஒன்றே போதும், ஆனால் தளத்துக்கு ஒரு தரவுத்தள எண் கொடுங்கள். இயல்பாகவே 0 முதல் 15 வரை பதினாறு உண்டு. கீ ப்ரிஃபிக்ஸ் (பெயர்களுக்கு முன்னொட்டு) மட்டும் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். படிப்பதற்கும் எழுதுவதற்கும் அது போதும்தான். ஆனால் ஜாங்கோ 4.0-இல் வந்த சொந்த ரெடிஸ் பின்தளத்தில் கேஷை அழிக்கச் சொன்னால், அது ப்ரிஃபிக்ஸைப் பார்க்காமல் அந்த எண்ணில் உள்ள அனைத்தையும் துடைத்துவிடும். பக்கத்துத் தளத்தின் செஷன்கள் அங்கே இருந்தால் அவர்கள் எல்லோரும் வெளியே. மாடல் பொருள்களைக் கேஷில் வைப்பவர்களுக்கு இன்னொன்று: அவை பிக்கிள் (பைத்தான் பொருளைச் சேமிக்கும் முறை) வடிவில் போகின்றன, வேறு பதிப்பின் பிக்கிளைப் பிரித்தால் ஜாங்கோ எச்சரிக்கும்.

பின்னணி வேலைகளை ஓட்டும் செலரியின் கதை இன்னும் மோசம். வரிசைக்கு எல்லோரும் விட்டுவைக்கும் இயல்புப் பெயர் "செலரி" என்பதே. இரண்டு தளங்களும் ஒரே புரோக்கர் (வேலைகளை ஏந்தி நிற்கும் ரெடிஸ்), ஒரே எண், ஒரே பெயர் என்றால், உங்கள் பில் அனுப்பும் வேலையைப் பக்கத்துத் தளத்தின் ஒர்க்கர் (வேலையைச் செய்யும் புராசஸ்) எடுத்து, "இப்படி ஒரு வேலை எனக்குத் தெரியாது" என்று லாக்கில் எழுதிவிட்டுத் தூக்கி எறியும். சில மின்னஞ்சல்கள் போகும், சில போகாது. பிழை இரண்டாவது தளத்தின் லாக்கில் இருப்பதால் முதல் தளத்தில் எவ்வளவு தேடினாலும் கிடைக்காது.

போஸ்ட்கிரெஸ் ஒன்றே போதுமா?

ஜாங்கோ 5.2-க்கு போஸ்ட்கிரெஸ் 14 அல்லது மேல் வேண்டும். எனவே புதிய தளத்தின் தேவையே எல்லாவற்றுக்கும். சிக்கல் பழைய தளத்தின் இணைப்பு நூலகத்தில் வரும். போஸ்ட்கிரெஸ் 14 முதல் கடவுச்சொல் முறை இயல்பாக ஸ்க்ராம். அந்த இணைப்பு நூலகமான சைகாப்ஜி2 மிகப் பழையதென்றால், அதற்குள் இருக்கும் லிப்பிக்யூ அதை அறியாது. சரி, கடைசிப் பதிப்பைப் போடலாம் என்று சைகாப்ஜி2 2.9-க்குப் போனால், ஜாங்கோ 2.2 "இணைப்பு யூடிசியில் இல்லை" என்று முறுக்கிக்கொள்ளும். ஜாங்கோ 2.2 தளத்துக்கு சைகாப்ஜி2 2.8.6-ஐ நிறுத்தி வையுங்கள்.

தளத்துக்கு ஒரு தரவுத்தளம், ஒரு பயனர். இணைப்பு வரம்பு இயல்பாக 100 என்பதை நினைவில் வையுங்கள். ஒர்க்கர்கள் கூடும்போது அது எல்லோருக்கும் சேர்த்துத்தான்.

டாக்கர் போட்டால் இதெல்லாம் தீர்ந்துவிடாதா?

ஒவ்வொரு தளத்தையும் தனிக் கண்டெய்னரில் அடைக்கும் டாக்கரால் பைத்தான் பக்கம் தீரும். பைத்தான் 2.7, 3.6 போன்றவற்றுக்கு டாக்கரையே பரிந்துரைப்பேன்: உபுண்டு 22.04-இல் ஓபன்எஸ்எஸ்எல் 3 வந்துவிட்டது, அந்தப் பழைய பைத்தான்களை அதன்மேல் எஸ்எஸ்எல்லோடு கம்பைல் செய்ய உட்கார்ந்தால் பொழுது போய்விடும். பழைய இமேஜ் தயாராகக் கிடைக்கிறது.

குக்கி, செலரி வரிசை, பயனர் அட்டவணை எதையும் டாக்கர் தீர்க்காது. அவை கண்டெய்னருக்கு வெளியே நடப்பவை. கூடவே ஒரு பொறியும் இருக்கிறது. போர்ட்டை வெறுமனே வெளியிட்டால் டாக்கர் தன் ஐபிடேபிள்ஸ் (லினக்ஸ் தீச்சுவர்) விதிகளை நேரடியாக எழுதும், உபுண்டுவின் தீச்சுவர்க் கருவியான யூஎஃப்டபிள்யூ அதைத் தடுக்காது. தீச்சுவர் மூடியிருக்கிறது என்று நீங்கள் நம்பிக்கொண்டிருக்க, ஆதரவு முடிந்த ஜாங்கோ இணையத்துக்குத் திறந்து கிடக்கும். போர்ட்டுக்கு முன்னால் 127.0.0.1 (இந்த இயந்திரத்துக்குள் மட்டும்) என்று சேர்க்க மறக்காதீர்கள்.

பழைய தளத்தில் ஓட்டை விழுந்தால் புதியதும் போய்விடுமா?

எல்லாவற்றையும் ஒரே லினக்ஸ் பயனரின் கீழ் ஓட்டினால், ஆமாம். வென்வ் என்பது நூலகங்களைப் பிரிக்கும் ஏற்பாடு. பாதுகாப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 2.2 தளத்துக்குள் புகுந்தவர் அதே பயனராகப் பக்கத்து ஃபோல்டரின் செட்டிங்ஸைத் திறந்து தரவுத்தளக் கடவுச்சொல்லைப் படிக்கலாம். ஒரு அடுக்குமாடியில் எல்லா வீட்டுக்கும் ஒரே சாவி கொடுத்தது போலத்தான்.

தளத்துக்கு ஒரு லினக்ஸ் பயனர், அவர் மட்டும் படிக்கக்கூடிய செட்டிங்ஸ். புதிய திட்டத்தைப் பழையதன் செட்டிங்ஸை நகலெடுத்துத் தொடங்கியிருந்தால் சீக்ரெட் கீயும் (செஷன் போன்றவற்றுக்கு முத்திரையிடும் ரகசியம்) சேர்ந்தே நகலாகியிருக்கும்; இன்றே மாற்றுங்கள்.

எத்தனை தளம் தாங்கும்?

நினைவகத்தைப் பொறுத்தது. கோர் எண்ணிக்கையை இரண்டால் பெருக்கி ஒன்று கூட்டு என்ற குனிகார்ன் சூத்திரம் ஒரு செயலிக்கானது. இரண்டு கோர் இயந்திரத்தில் நான்கு தளங்களுக்கும் அதைப் பின்பற்றினால் இருபது ஒர்க்கர்கள் வந்து நிற்கும். கூட்டம் வராத பழைய தளத்துக்கு இரண்டு போதும். குனிகார்னில் செயலியை முன்கூட்டியே ஏற்றும் ப்ரீலோட், ஒரு தளத்தின் ஒர்க்கர்களுக்குள் நினைவகத்தைப் பகிர உதவும், தளங்களுக்கு இடையே உதவாது.

உபுண்டுவை மேம்படுத்தியதும் எல்லாத் தளங்களும் விழுந்துவிட்டன.

வென்வுக்குள் இருக்கும் பைத்தான் பெரும்பாலும் சிஸ்டம் பைத்தானுக்கான ஒரு சுட்டிதான். 22.04-இலிருந்து 24.04-க்குப் போனால் அந்தச் சுட்டி 3.12-ஐக் காட்டும், நூலகங்களோ 3.10 ஃபோல்டரில் இருக்கும். ஜாங்கோவே இல்லை என்று பிழை வரும். வென்வைப் பழுது பார்க்க முயலாதீர்கள், அழித்துப் புதிதாக உருவாக்குங்கள். நகர்த்தவும் வேண்டாம், உள்ளே முழுப் பாதைகள் எழுதப்பட்டிருக்கும். இதற்காகவே பதிப்பு எண்களோடு ஒரு ரெக்வயர்மென்ட்ஸ் கோப்பு எப்போதும் கையில் இருக்க வேண்டும். அதோடு, பழைய தளத்தின் பைத்தானை சிஸ்டத்தைச் சாராமல் யூவி அல்லது பைஎன்வ் மூலம் போட்டிருந்தால் இந்த இடியே விழாது.

பழைய தளத்தைப் புதிய பதிப்புக்கு ஏற்ற, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டலாமா?

அதற்குத்தான் இந்த ஏற்பாடு மிகவும் பயன்படும். 2.2-இலிருந்து ஒரே தாவலில் 5.2 வேண்டாம், 3.2, 4.2, 5.2 என்று படிப்படியாக. ஒவ்வொரு படியிலும் பைத்தானின் எச்சரிக்கைகளைத் திறந்துவைத்துச் சோதனைகளை ஓட்டுங்கள். 4.0-இல் மொழிபெயர்ப்புக்கான யூகெட்டெக்ஸ்ட், பழைய யூஆர்எல் ஃபங்ஷன் போன்றவை போய்விட்டன, 5.0-இல் நேர மண்டல நூலகமான பைடிஇசட் ஆதரவு போனது.

புதிய நகலைத் தனித் துணை டொமைனில், தரவுத்தளத்தின் நகலோடு ஓட்டுங்கள். முதல் வேலையாக அந்த நகலில் மின்னஞ்சலை கன்சோலுக்குத் திருப்பிவிட்டு, கிரான் வேலைகளை நிறுத்துங்கள். இல்லாவிட்டால் வாடிக்கையாளருக்கு எல்லா நினைவூட்டலும் இரண்டிரண்டாகப் போகும்.

மாற்றும் நாளில் தரவுத்தளத்தில் எழுதுவதை நிறுத்தி, பேக்அப் எடுத்து, உண்மையான தரவுத்தளத்தில் மைக்ரேஷனை ஓட்டி, என்ஜின்எக்ஸில் சாக்கெட் பாதையை மாற்றி ரீலோட் செய்யுங்கள். பக்கங்கள் எல்லாம் திறக்கும், ஆனால் எந்தப் படிவத்தை அனுப்பினாலும் 403 வருகிறது என்றால் பதற வேண்டாம்: 4.0 முதல் சிஎஸ்ஆர்எஃப்புக்கான நம்பகமான மூலங்களின் பட்டியலில் ஹெச்டிடிபிஎஸ் முன்னொட்டோடு முகவரியை எழுத வேண்டும். ப்ராக்ஸிக்குப் பின்னால் இருக்கும் தளங்களில் இது தவறாமல் தலைகாட்டும். பழைய சேவையை நிறுத்தி மட்டும் வையுங்கள், அழிக்காதீர்கள். திரும்பிப் போக நேர்ந்தால் சாக்கெட் பாதையோடு அந்த பேக்அப்பையும் திருப்ப வேண்டியிருக்கும், ஏனென்றால் மைக்ரேஷன் ஓடிய அட்டவணைகளில் பழைய நிரல் ஒழுங்காக ஓடும் என்று நம்ப முடியாது.